ஆறாம் வசனம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. கோபமாக இருக்கிறேன். உன் நலத்தை அம்மா கேட்கச் சொன்னாள், அதனால் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அவ்வளவுதான்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரி சரி" என்பாய். நீ பாதி சொல்வதற்குள் நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் முழுசாகப் படித்துத்தான் தீர வேண்டும்.

உன் அட்டை வந்தது. பூப்போட்ட பெரிய அட்டை, உள்ளே ஒரே ஒரு எண்: 21. மேலே தேதி. கையெழுத்துகூட இல்லை. உன் அத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் தம்பி லாட்டரிச் சீட்டு ஏதாவது எடுத்திருக்கானா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் நம் வீட்டுப் பாஷை அவருக்குப் பிடிபடவில்லை. பரீட்சைக்குப் போகிறவருக்குப் பைபிளிலிருந்து சங்கீதம் இருபது, பாஸாகி வந்தவருக்கு இருபத்தொன்று, அப்படித்தானே நாம் வளர்ந்தோம். ராஜா போருக்குப் போகும் முன்னால் ஜனங்கள் சொல்வது இருபது. ஜெயித்துத் திரும்பிய பிறகு சொல்வது இருபத்தொன்று. எனக்கு இருபதைச் சொல்ல வராத நீ இருபத்தொன்றை மட்டும் தபாலில் போட்டிருக்கிறாய். "நீதான் ஜெயிச்சிட்டியே, உனக்கு ஜெபம் ஒரு கேடா" என்று அர்த்தம். இவ்வளவு சின்ன எண்ணுக்குள் இவ்வளவு பெரிய ஊசியைச் செருக உன்னால்தான் முடியும்.

நம் சங்கத்துக்கு நான் தலைவியாகப் பொறுப்பேற்ற அன்றைக்கு நீ இல்லாததால் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சலவைக்கூடத்தில் மெஷின்களை நிறுத்தி, மடிப்பு மேசைகளை ஓரமாகத் தள்ளினார்கள். இடப்பக்கம் பாதிப் பேர், வலப்பக்கம் பாதிப் பேர், நடுவில் புதுத் தலைவியாக நான். சங்கத்தை ஆரம்பித்த பாஸ்டர் வைத்த வழக்கம் மாறவில்லை. பத்துப் பேர் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்கிறவர் யாராக இருந்தாலும், ராஜாவுக்குச் சொன்னதை அவருக்கும் சொல்லலாம் என்பாரே. சர்ச்சுக்கு வராதவர்களும் கூட நின்றார்கள். ஒற்றைப்படை வசனம் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். நடுவில் நிற்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. வலப்பக்கத்தைத் தொடங்கிக் கொடுக்க வேண்டியவன் நீ.

முதல் வசனத்தை இடப்பக்கம் சொல்லி முடித்தது. பிறகு சத்தமே இல்லை. வலப்பக்கத்தில் எல்லாரும் நீ வேலை பார்த்த பாய்லர் அறைக் கதவையே பார்த்தார்கள். நீ அப்போது பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இடப்பக்கம் மூன்றாம் வசனத்துக்குப் போனது. மறுபடியும் அமைதி. அப்புறம் ஐந்து, ஏழு, ஒன்பது. உதவி வரட்டும் என்கிற வசனம் எனக்குக் கிடைக்கவில்லை. மனசில் நினைத்தது நடக்கட்டும் என்கிற வசனம் கிடைக்கவில்லை. நிமிர்ந்து நிற்கிறோம் என்கிற வசனமும் இல்லை. எனக்குப் பாதிச் சங்கீதம்தான் சொன்னார்கள், தம்பி.

பொதுக்கூட்டத்தில் எழுந்து, "எங்க அக்கா கேள்வி கேப்பாங்க, பதிலுக்கு நிக்க மாட்டாங்க, அவங்க தலைவியா வேண்டாம்"னு சொன்னாயே, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கூட்டம் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இதைப் பொறுக்க முடியவில்லை.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அம்மாவிடம் சொல்.

ஒரு பெரிய ஹோட்டலில் பாய்லர் வேலை. தரைக்குக் கீழே இரண்டு மாடி. மேலே குளிக்கிறவர்களுக்கு வெந்நீர் ஒழுங்காக வரும்வரை நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. வராவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கூடம் பரவாயில்லை, அங்கே ஜன்னலாவது இருந்தது.

அட்டை அனுப்பியது அற்பத்தனம். பெட்டியில் போட்டவுடனே கையை விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். கை நுழையவில்லை.

ஆனால் அன்றைக்கு நான் வராததற்குக் கோபம் காரணமில்லை. ஆறாம் வசனம்தான் காரணம். அந்தச் சங்கீதத்தில் மற்றதெல்லாம் அநேகமாக வேண்டுதல், அது ஆகட்டும், இது ஆகட்டும் என்று. வேண்டிக்கொள்வது சுலபம், பிடிக்காதவருக்காகவும் வேண்டிக்கொள்ளலாம். ஆறாவதில் மட்டும் கூட்டம் நின்றுவிடுகிறது. ஒரே ஒரு ஆள் "நான்" என்று பேசுகிறான். கர்த்தர் தாம் நியமித்தவரைக் காப்பாற்றுகிறார், இப்போது எனக்குத் தெரியும் என்கிறான். அது வேண்டுதல் இல்லை, சாட்சி. நம் வழக்கப்படி அந்த ஒற்றைக் குரல் என்னுடையது. நாம் தாடி என்று கூப்பிடுகிற பழைய தலைவருக்கு அதைச் சொன்னபோது எனக்கு நாக்கு இடறவில்லை, ஏனென்றால் அவரைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. உன்னிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியாது, அக்கா. அவ்வளவுதான் விஷயம். தெரியாததைத் தெரியும் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட பஸ் ஏறுவது மேல் என்று தோன்றியது.

எழுபத்திரண்டாம் சங்கீதத்தை எடுத்துப் பார். தூர தேசத்து ராஜாக்களெல்லாம் காணிக்கையோடு வந்து ஒருவன் முன்னால் நிற்கிறார்கள். ஏன் வருகிறார்கள் என்று அடுத்த வரி சொல்கிறது. அவன் பெரிய படை வைத்திருப்பதால் இல்லை. கூப்பிடுகிற ஏழையை அவன் தப்புவிக்கிறான், அதனால். அவர்களுடைய ரத்தம் அவன் பார்வைக்கு அருமையானது, அதனால். சங்கீதங்களில் ராஜாவுக்கு வாளைவிடக் காது முக்கியம். உன் காதைப் பற்றித்தான் கூட்டத்தில் சொன்னேன். சொன்ன இடம் தப்பு. சொன்னது தப்பில்லை.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

இரண்டு மாடி கீழே இறங்கியும் உன் தலைக்கனம் மேலேயே நிற்கிறது. உனக்குத் தெரியாதாம், அதனால் சொல்லவில்லையாம். அன்றைக்குக் கூடத்தில் நின்ற மற்றவர்களெல்லாம் எல்லாம் தெரிந்துகொண்டா சொன்னார்கள்? பாதிப் பேருக்கு எப்போது மெஷினைப் போடுவார்கள் என்பதுதான் கவலை.

சலவைக்காரிக்குச் சாலொமோன் ராஜா பட்டம் கட்டாதே. என் சிம்மாசனத்துக்கு ஒரு கால் ஆடுகிறது, அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். (உன் அட்டை இல்லை.) எனக்குக் காணிக்கை கொண்டுவருகிற ஒரே ராஜா ஆஸ்பத்திரி ஸ்டோர் மேனேஜர், அவர் கொண்டுவருவது அழுக்கு விரிப்பு.

நீ போன பிறகு இங்கே நடப்பது எதுவும் உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் புது வார்டு திறந்திருக்கிறார்கள். விரிப்புகள் மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டும். விரிப்புகளை இஸ்திரி போடுகிற நம் பெரிய ரோலர் எப்படி என்று உனக்குத் தெரியும்: துணி நுழைகிற இடத்தில் இருக்கிற தடுப்புப் பட்டையைக் கொஞ்சம் தடித்த விளிம்பு தொட்டால்கூட மெஷின் நின்றுவிடும். மறுபடி சூடேறி ஓட எவ்வளவு நேரம்! தாடிதான் வழி சொன்னார். பட்டையை ஒரு கம்பியால் மேலே தூக்கிக் கட்டிவிட்டோம். இப்போது நிற்காமல் ஓடுகிறது. நேற்று மேனேஜர் போன் பண்ணி, "மேடம், உங்களாலதான் இப்படி முடியும்"னார். உன்னிடமிருந்து வராத சாட்சி அங்கேயிருந்து வந்தது.

காது காது என்கிறாய். அந்த ரோலர் பக்கத்தில் நின்று கேட்டுப் பார். போன வாரம் சிட்டு என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். நீ போகும் முன்னால்தான் சேர்ந்தாளே, குருவி மாதிரி மெல்லிய குரல், அவள்தான். அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. "அப்புறம் வா"ன்னு கையைக் காட்டினேன். வரவில்லை. வராதவளை நான் தேடிக்கொண்டு போக வேண்டுமா?

அக்கா


மார்ச் 5

அக்கா,

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

மற்ற சண்டையெல்லாம் அப்புறம் போடலாம். இதை முதலில் செய். அந்தக் கம்பியை அவிழ்த்துவிடு. இன்றைக்கே. அந்தப் பட்டை துணிக்காக வைத்ததில்லை, விரலுக்காக வைத்தது. ஈரத் துணியோடு கை போனால் ரோலர் விடாது, உள்ளே இழுக்கும், அதுவும் கொதிக்கிற ரோலர். பட்டை கையில் பட்டவுடனே மெஷின் நிற்கும். அதைக் கட்டிவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை.

சும்மா சும்மா நிற்கிறது என்றால் கோளாறு ஸ்பிரிங்கில். பழசு, விறைத்துப்போயிருக்கும். கொஞ்சம் மென்மையான ஸ்பிரிங் போட்டால் துணியின் விளிம்புக்கு நிற்காது, கைக்கு நிற்கும். நான் இருந்தபோதே மாற்றியிருக்க வேண்டியது.

சிட்டு என்ன சொல்ல வந்தாள் என்று போய்க் கேள். ஆமாம், நீதான் தேடிக்கொண்டு போக வேண்டும். இந்தக் கடிதத்தை எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன். திரும்பத் திரும்ப போன் பண்ணிப் பார்த்தேன். நீயும் எடுக்கவில்லை, கூடத்திலும் யாரும் எடுக்கவில்லை. சத்தத்தில் மணி கேட்டிருக்காது.

தம்பி


மார்ச் 6

தம்பி,

உன் கடிதம் இன்று மாலை கிடைத்தது. காலையிலேயே நடந்துவிட்டது.

சிட்டுவின் வலது கை. இரண்டு விரல் போய்விட்டது. மற்றது பிழைக்கும் என்கிறார்கள். நாங்கள் வெளுத்துக் கொடுத்த விரிப்பில்தான் படுத்திருக்கிறாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள்தான் முதலில் பேசினாள். "அன்னைக்கு அந்தக் கம்பியைப் பத்திச் சொல்லத்தான் அக்கா வந்தேன்." அழாமல் சொன்னாள். நான்தான் அழுதேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல போய் அதை அவுருங்க"ன்னு சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வந்து நானே குறடு எடுத்து வெட்டினேன். கம்பி மேசை டிராயரில் கிடக்கிறது. ரோலரை நிறுத்திவிட்டேன்.

இனிமேல் எழுத முடியவில்லை.

அக்கா


மார்ச் 11

அக்கா,

நான் அப்போதே சொன்னேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் என்னைவிடக் கேவலமானவன் யாரும் இருக்க முடியாது.

ஸ்பிரிங் ஒன்று இதே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இங்கே எங்கள் சலவைப் பிரிவில் இருக்கிறவர் தேடிக் கொடுத்தார். அளவு சரியாக இருக்கும், மனசில் வைத்திருந்தேன். பழசைக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல், துள்ளி அடிக்கும்.

சிட்டுவுக்கு என்ன தேவையோ அவளிடமே கேள். நீயாக முடிவு பண்ணிக் கூடை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு போகாதே. நீ போவாய், எனக்குத் தெரியும்.

இரண்டு நாளாக எண்பத்தொன்பதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாதிவரைக்கும் ராஜாவுக்கு வாக்குறுதி மேல் வாக்குறுதி, சிம்மாசனம் சூரியனைப் போல நிற்கும் என்று. அப்புறம் ஒரே வரியில் எல்லாம் தலைகீழ். கிரீடம் தரையில் கிடக்கிறது, மதில் இடிந்து கிடக்கிறது, வழியில் போகிறவனெல்லாம் கொள்ளையடிக்கிறான். அவமானத்தை நெஞ்சில் சுமக்கிறேன் என்று கத்துகிறான். அந்தப் பக்கத்தை யாரும் கிழித்துப் போடவில்லை, அக்கா. அதையும் பாட்டாகத்தான் வைத்திருக்கிறார்கள், கோயிலில் பாடத்தான் வைத்திருக்கிறார்கள். விழுந்த ராஜாவுக்கும் ஒரு சங்கீதம் இருக்கிறது.

அழுதுவிட்டு எழுந்து கூடத்துக்குப் போ.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

பழக்கூடை வாங்கிக்கொண்டுதான் போனேன். போகிற வழியில் உன் கடிதம் ஞாபகம் வந்து, கூடையை வார்டு வாசலில் இருந்த காவல்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் என்னை இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். சிட்டுவிடம், "என்ன வேணும்"னு கேட்டேன். "என் வேலை வேணும். பாவம்னு ஒரு மூலையில உக்கார வைக்கக் கூடாது"ன்னாள். நேற்றிலிருந்து வருகிறாள். ரோலர் ஓடத் தொடங்கும் முன் பட்டையைத் தட்டிப் பார்த்து, "ஓட்டலாம்" என்று சொல்ல வேண்டியது அவள். அவள் சொல்லாமல் நீராவியைத் திறக்கக் கூடாது என்று போர்டில் எழுதியிருக்கிறேன். உன் ஸ்பிரிங் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனாலும் முன்பு போல வேகம் இல்லை.

இன்னொன்றும் செய்தேன், சிரிக்காதே. அலுவலக அறையிலிருந்து என் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து ரோலர் பக்கத்தில், மடிப்பு மேசைகளுக்கு நடுவில் போட்டுவிட்டேன். ஆடுகிற நாற்காலியும் கூடவே வந்துவிட்டது. நீராவியில் காகிதமெல்லாம் சுருண்டுபோகிறது. காலையில் மெஷின் போடும் முன்னால், இன்னும் சத்தம் ஆரம்பிக்காத அந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் மூட்டை தூக்குகிறவர் வந்து, கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்காகிறது என்றார். நம் கூடத்தில், தம்பி! பெண்கள் ஆளுக்கு ஆள் காவல் நின்றிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று நினைத்தேன். சொல்லியிருக்கிறார்கள், நான்தான் நடந்துகொண்டே கேட்டிருக்கிறேன்.

நூற்றொன்றை நானே கண்டுபிடித்தேன், நீ சொல்லித் தரவில்லை. அதில் ராஜா ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தன் வீட்டுக்குள் எப்படி நடப்பேன் என்று பேசுகிறான். அநியாயத்தைத் தினம் காலையில் துடைப்பேன் என்கிறான். ஒரே நாளில் இல்லை, காலைதோறும். அது எங்கள் வேலை மாதிரியே இருக்கிறது. நேற்று வெளுத்தது இன்று அழுக்காகி வந்து நிற்கும்.

இனி கெட்ட செய்தி. மத்தியானத்துக்குள் விரிப்பு போகவில்லை. மேனேஜர், "மேடம், உங்க கஷ்டம் புரியுது, ஆனா எனக்கு நோயாளி இருக்காங்க"ன்னார். ஒப்பந்தத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறது. அது போனால் பாதிப் பேருக்கு வேலை இல்லை. தாடி வீடு வீடாகப் போய்ப் பேசுகிறார். "சங்கீதம் சர்ச்சுக்கு, விரிப்பு ஆஸ்பத்திரிக்கு, ரெண்டையும் குழப்புனா சங்கம் மூழ்கிடும்"னு சொல்கிறாராம். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவருக்கும் இந்த ஜனங்கள் மேல்தான் கவலை.

ஏப்ரல் ஐந்தாம் தேதி பொதுக்கூட்டம் கூப்பிட்டிருக்கிறேன். பதவியைக் கூட்டத்தின் முன்னால் வைத்துவிடுவேன். பட்டையோடுதான் ஓட்டுவேன் என்று சொல்வேன், வேண்டும் என்றால் மறுபடி கை தூக்கட்டும், வேண்டாம் என்றால் வேறு ஆளைத் தேடட்டும். நீ ஏதாவது செய்ய வேண்டும் என்று இதை எழுதவில்லை. பாதிச் சங்கீதத்தோடு வந்தேன், அப்படியே போகவும் தயார்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுத இத்தனை கடிதம் ஆகியிருக்கிறது, பார்.

ஐந்தாம் தேதி இங்கே பாய்லர் சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். கெஞ்சிப் பார்த்தேன், விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் வந்து சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புகிறேன். கூட்டத்துக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நான் ஒன்றைத் தப்பாகவே படித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வசனத்தில் ஒருவன் இப்போது தெரியும் என்கிறானே, அவன் எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்? ஜெயித்ததைப் பார்த்தா? இல்லை. போர் இன்னும் நடக்கவே இல்லை. ராஜா கிளம்பவே இல்லை. ஜெயித்த கதை எங்கேயும் கிடையாது. இருபதில் கிளம்பப்போகிறான், இருபத்தொன்றில் திரும்பிவிட்டான், நடுவில் ஒரு வெற்று இடம், அவ்வளவுதான். அப்படியானால் அவனுக்கு எப்படித் தெரிந்தது?

நான் நினைப்பதைச் சொல்கிறேன். அந்தச் சங்கீதம் முழுக்க ராஜா ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாரும் அவனைப் பார்த்துப் பேசுகிறார்கள், அவன் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கடைசி வசனத்திலும் ஜனங்கள் கேட்பது நாங்கள் கூப்பிடும் நாளில் எங்களைக் கேள் என்பதுதான். அப்படி நிற்கிற முகத்தைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் நீ ஜெயிக்கிறாயா என்று பார்க்கக் காத்திருந்தேன். முட்டாள். நீ நிற்கிறாயா என்றுதான் பார்க்க வேண்டியது.

மெஷின் போடும் முன்னால், அந்த ஆடுகிற நாற்காலியில், சுருண்ட காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறாய். நான் அதைப் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தது போலத்தான் இருக்கிறது. ஐந்தாம் தேதி என்ன முடிவு வந்தாலும் சரி. பதவி போனாலும் சரி. தொண்ணூற்று மூன்றிலிருந்து கர்த்தரே ராஜா என்று திரும்பத் திரும்ப வருகிறதே, எனக்கு அது இப்போது ஆறுதலாக இருக்கிறது. சிம்மாசனம் முதலிலிருந்தே நம்முடையது இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது என் வசனத்தைச் சொல்கிறேன். எனக்குத் தெரிகிறது, அக்கா. அவர் உன்னைக் கைவிட மாட்டார். இப்போது தெரிகிறது.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. கூட்டம் நேற்று. தபால்காரரை நான் திட்டவில்லை, அவரும் உன் மாதிரிதான், கடைசியில் வந்துவிடுகிறார்.

மேனேஜர் முடிவைச் சொல்லிவிட்டார். வார்டு விரிப்புகள் வேறு ஆளுக்குப் போகின்றன. ஆபரேஷன் தியேட்டர் துணி நமக்கே, அதில் நம்மைப் போல் சுத்தம் யாரும் தருவதில்லையாம். கொஞ்ச நாளைக்கு எல்லாருக்கும் வேலை நேரம் குறையும், ஆனால் யாரையும் அனுப்ப வேண்டியதில்லை. பள்ளி விடுதி ஒன்றிலிருந்து வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். பட்டையைக் கட்ட மாட்டேன் என்றும் சொன்னேன். பதவியை உங்கள் முன்னால் வைக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி ஆடியது, அடியில் மடித்து வைத்த அட்டையைக் காலால் உள்ளே தள்ளினேன்.

ரொம்ப நேரம் பேசினார்கள். நான் ஒருவரையும் குறுக்கிடவில்லை, நீ நம்ப மாட்டாய். தாடி எழுந்து, "நான் இதை எதிர்க்கத்தான் வந்தேன்"னார். அப்புறம், "ஆனா அந்தக் கம்பி யோசனை என்னோடது. அதை அவங்க ஒரு தடவைகூட என் தலையில போடல"ன்னு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னபோது அவர் கை பாதிவரை போய், கொஞ்சம் யோசித்து, மேலே போனது. போதுமான கைகள் எழுந்தன.

மறுபடி தலைவி என்றால் மறுபடி சங்கீதம். மேசைகளைத் தள்ளினார்கள். நான் நடுவில் போய் நின்றேன். முதல் வசனத்தை இடப்பக்கம் சொன்னது. இரண்டாவதுக்கு வலப்பக்கத்தில் யாரோ முனகினார்கள், ஒன்றிரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நாலாவது கொஞ்சம் சத்தமாகவே வந்தது. அப்புறம் ஐந்து. அப்புறம் உன் இடம்.

அதைக் கூட்டமாகச் சொல்லக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். தனியாகச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஆறிக்கொண்டிருந்த குழாயில் டக் டக் என்று சத்தம் கேட்டது. இடப்பக்கம் ஏழுக்குப் போகப்போகிறது, எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவையும் அதே ஓட்டைதான் என்று தரையைப் பார்த்தேன்.

சிட்டு பேசினாள். சர்ச்சுக்கு வராதவள், புத்தகம் கையில் இல்லாதவள், வலப்பக்கத்தில் கடைசியில் ரோலருக்கு அருகில் நின்றாள். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்திருந்தாள். வசனத்தின் வார்த்தை அவளுக்குத் தெரியாது, அவள் வார்த்தையில் சொன்னாள். "எனக்கு இப்பதான் தெரியுது. உங்க சாமி இவங்களை விட்டுற மாட்டாரு." குருவிக் குரல்தான். ஆனால் மெஷின் ஓடவில்லையே, எல்லார் காதிலும் விழுந்தது. நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஏழு. எட்டாம் வசனத்துக்கு வலப்பக்கம் முழுக்க, தாடி உட்பட, நிமிர்ந்து நிற்கிறோம் என்று கத்தியது. வெளியே தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்களாம்.

இன்று உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீயும் அவளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வரியைச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆறாம் வசனம் இனி உனக்குக் கிடையாது. அது சிட்டுவுடையது. எட்டாவதுக்கு ஒரு தடித்த குரல் தேவைப்படுகிறது, சோதனை முடிந்ததும் லீவு போட்டுவிட்டு வா. அம்மா உன் அறையைப் பெருக்கிவிட்டாள்.

பீரோவிலிருந்து 21 என்று எழுதிய உன் பூப்போட்ட அட்டையை எடுத்தேன். கிழித்துப் போட்டிருப்பேன் என்று நினைத்தாயா? அதில் இருந்த தேதியை அடித்துவிட்டு இன்றைய தேதியை எழுதி, ரோலர் பக்கத்துத் தூணில் ஒட்டினேன். சிட்டு பட்டையைத் தட்டிப் பார்க்க வந்தவள், "இது என்ன நம்பர் அக்கா?"ன்னு கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அடுத்த பாட்டு. வலப்பக்கத்துக்கு இன்னொரு ஆள் வரணும், வந்ததும் சொல்லலாம்"னேன்.

அக்கா